அண்டாக் கரி

நெய்வேலிச் சுரங்க ஆபீசில் நான் குமாஸ்தா. மண்வெட்டியைத் தொட்டதுகூட இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், சுரங்கத் தொழிலாளியைப் படம் பிடிக்க மெட்ராஸ் பத்திரிகையிலிருந்து ஒரு போட்டோகிராபர் வந்தார். ஷிப்டில் இருப்பவர்களை மேலே அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நீங்க வாட்டசாட்டமா இருக்கீங்க சார், நில்லுங்க" என்று யாருடைய ஹெல்மெட்டையோ என் தலையில் கவிழ்த்தார். தோளில் மண்வெட்டி. போதாதென்று, கான்டீன் அண்டாவின் அடிக்கரியைச் சுரண்டிக்கொண்டு என் முகத்தில் பூச வந்தார்.

"இங்க எடுக்கிறது பழுப்பு நிலக்கரிங்க. இப்படிக் கறுப்பா ஒட்டாது" என்றேன் எரிச்சலோடு.

"கறுப்பு வெள்ளைப் படம்தானே, யாருக்குத் தெரியப்போவுது?" என்று பூசியே விட்டார்.

அந்தப் படம் வேறு யார் கண்ணிலும் படாமல், திருநெல்வேலியில் எனக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் கண்ணிலா பட வேண்டும்? 'குமாஸ்தா என்று சொல்லி, கரி அள்ளுகிறவனையா எங்கள் தலையில் கட்டப் பார்த்தீர்கள்?' என்று அம்மாவுக்குக் கடிதம் போட்டுவிட்டார்கள். கரி அள்ளுகிறவனுக்கு என்ன குறைச்சல் என்று எனக்கு ஆத்திரம். ஆனாலும் லீவு போட்டுவிட்டு, சலவைக்குப் போட்டெடுத்த வெள்ளைச் சட்டையோடு போய் நின்று, ஆபீஸ் கொடுத்த வேலை உத்தரவை நீட்டினேன்.

பெண்ணின் அப்பா அதைத் தொடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டை நல்லாத்தான் இருக்கு. யாருகிட்ட இரவல் வாங்கினீய?"