அம்மாவின் தெம்பிலித் தலை

அம்மா குவைத்திலிருந்து வந்த வாரத்திலேயே அவளுடைய தலை தெம்பிலி இளநீர்க் குலையின் செம்மஞ்சள் நிறத்துக்கு மாறிவிட்டது. மாத்தளையில் எங்கள் தெருக்காரர்கள் அதற்கு முன்னும் அப்படியொரு தலையைப் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அம்மா வீட்டு வேலைக்கு அங்கே போனபோது எனக்கு மூன்று வயது. என்னை வளர்த்தது அம்மாவின் தங்கை, என் சித்தி. அப்பா தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டினார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்கினார். அம்மா என்றால் எனக்குப் போனில் வரும் முகம், எப்போதும் ஸ்கார்ஃப் கட்டிய முகம். ஆனால் சுவரில் கல்யாணப் படம் இருந்தது. அதில் அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் கறுத்த பின்னல். அந்தப் பின்னலைப் பற்றி நாலாம் வகுப்பில் நான் அளக்காத அளப்பில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் ஒரு வழக்கம். பரிசு வாங்கும் பிள்ளையோடு அம்மாவும் மேடை ஏற வேண்டும். அதுவரை என்னோடு சித்திதான் ஏறினாள். இந்த முறை வாசிப்பில் எனக்கு முதல் பரிசு, அம்மாவும் அதற்காகவே கெஞ்சி லீவு வாங்கி வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். வகிடும் காதோரமும் வெள்ளை வெளேரென்று இருந்தன. என் முகம் எப்படிப் போனதோ, அம்மா பெட்டியைத் திறந்து, அங்கிருந்து வாங்கி வந்த டை பாக்கெட்டை எடுத்துவிட்டாள்.

பாக்கெட் முழுக்க அரபு எழுத்து. அம்மாவுக்கு அரபு பேச வரும், வாசிக்க வராது. பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். தெருவே அவரை ராத்தா என்றுதான் கூப்பிடும். குர்ஆனைத் தினமும் ஓதுகிறவர். அவருக்கு வாசிக்க வரும், அர்த்தம் தெரியாது. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் ஒரு முழு ஆள் கிடைத்துவிடும் என்று சித்தி திட்டம் போட்டாள்.

"ஓதுற கிதாபுல எப்பிடி உச்சரிக்கிறண்டு காட்ட மேல கீழ கோடெல்லாம் ஈக்கும். இதுல ஒண்டுமில்லியே, எப்பிடி வாசிக்க?" என்றார் ராத்தா.

"ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம். வாசிங்க ராத்தா" என்றாள் சித்தி.

ராத்தா தட்டுத்தடுமாறி வாசிக்க, அம்மா ஊகித்துச் சொல்ல, பெரிய எழுத்தையெல்லாம் ஒப்பேற்றிவிட்டார்கள். அடியில் இருந்த பொடி எழுத்துக்கு ராத்தாவின் கண் ஒத்துழைக்கவில்லை. பாக்கெட்டுக்குள் இரண்டு பைகள் இருந்தன. ஒன்று இந்த மாதத்துக்கு, மற்றது அடுத்த மாதத்துக்கு என்று மூவரும் ஏகமனதாக முடிவெடுத்தார்கள். முதல் பை மருதாணி, அதற்கு மேல் இரண்டாவதையும் பூசினால்தான் கறுப்பு வரும் என்று குவைத்திலிருந்த அம்மாவின் சிநேகிதி போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னபோது விழாவே முடிந்திருந்தது.

முதல் நாள் இரவு ஒரு பையை மட்டும் குழைத்துப் பூசி, விழா அன்று காலையில்தான் தலையை அலசினார்கள். கறுத்த முடி கறுப்பாகவே இருந்தது. வெள்ளை முடி அத்தனையும் தெம்பிலி! வரி வரியாக, புலி மாதிரி. ராத்தா "யா அல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். "நான் வரல. இந்தத் தலையோட மேடையேறினா புள்ளைக்குத்தான் வெக்கம். நீயே கூட்டிட்டுப் போ. எப்பவும் நீதான போற."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சித்தியோடு போவது பழகிய காரியம். விழாவுக்கென்று அவள் அயர்ன் பண்ணி வைத்த பச்சைச் சேலையும் கதிரை முதுகில் தயாராகக் கிடந்தது. சித்தி அந்தச் சேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அழுதது போதும். வந்து கண்ணாடி முன்னால உக்காரு."

அம்மாவின் நேர் வகிட்டைக் கலைத்து, சீப்பின் வாலால் வளைந்து வளைந்து போகும் வகிடு எடுத்தாள். அதில் எந்த நிறமும் ஒரே கோடாகத் தெரியவில்லை. கண்மையைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, பழைய பல் பிரஷால் தொட்டுத் தொட்டு காதோரத்து முடிக்குத் தடவினாள். உள்ளேயிருந்த கறுப்பு முடியை மேலே இழுத்துவிட்டு, தெம்பிலியை எல்லாம் அடியில் மடித்துப் பெரிய கொண்டை போட்டாள். மிச்சத்தை மறைக்கக் கோயில் வாசலுக்கு ஓடிப்போய் மல்லிகைச் சரம் வாங்கி வந்தாள். கண்ணாடியில் கல்யாணப் படத்து அம்மாவேதான், கொஞ்சம் களைத்துப்போய் இருந்தாள்.

"நீ வரலியா சித்தி?"

"கையப் பாரு, ஒரே மை. இதோட எப்படி வர்றது? அம்மாவ வெயில்ல நிக்க விடாத, ஒழுகிரும்."

மேடைப் படிக்கட்டருகே டீச்சர் வழக்கம்போல் எனக்குப் பின்னால் சித்தியைத் தேடினார். "எங்க உங்க அம்மா?"

"இவங்கதான் டீச்சர் எங்க அம்மா."

அம்மாவின் கை என் கையை நோகுமளவுக்கு இறுக்கியது. மேடையில் அவளுடைய காதோரம் ஒரு சொட்டுக் கறுப்பு வழிந்தது. லேஞ்சியால் ஒற்றிக்கொண்டாள். பிள்ளையின் பரிசைப் பார்த்து அழுகிறாள் என்று சபை நினைத்தது. அழவும்தான் செய்தாள்.

அம்மா திரும்ப வெளிநாடு போகவில்லை. அன்று சித்தி அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்திருந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மாவே கேட்டதுதானே? அவள் வரவில்லை. அம்மாவைச் சிங்காரித்து என் கையில் பிடித்துக் கொடுத்து அனுப்பிவைத்தாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்லதில் பாதி அந்தக் காலையிலிருந்து வந்தது. இதற்கு எந்த வாயால் நன்றி சொல்வது?

வீடு திரும்பியபோது சித்தி வாசலில் நின்றாள்.

"தல தெரிஞ்சிச்சா?"

"இல்ல சித்தி. அம்மா எவ்வளவு வடிவுன்னு டீச்சரே சொன்னாங்க. நான் இனிமே எல்லாத்துக்கும் அம்மாவத்தான் கூட்டிட்டுப் போவேன்."

சித்தி சிரித்தாள். என் கன்னத்தைக் கிள்ளினாள். கையைக் கழுவிட்டு வர்றேன் என்று குழாயடிக்குப் போனாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது அவளுடைய கண் சிவந்திருந்தது, கையில் மை அப்படியே இருந்தது.

"தண்ணிக்குப் போகாது சித்தி, எண்ணெ போட்டுத் தேயி" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி, தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து அவளிடம் நீட்டினேன்.