லோசான் நகரப் படமும் தேவகியின் சந்தேகமும்

"தேவகி போயிட்டா," என்று அவருடைய கணவர் அழைத்துச் சொன்னபோது நான் டிராமில் இருந்தேன். இறங்கி, தேவகியின் தங்கையையும் அழைத்துக் கேட்டேன். எதையும் ஒருவர் சொல்லி நம்பாதவரோடு நெடுநாள் வேலை செய்த பழக்கம் அது. இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரை அறிந்த நீங்கள் தவறாக நினைக்க மாட்டீர்கள்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எங்கள் அருங்காட்சியகத்தில் தேவகி பழைய காகித ஓவியங்களைச் செப்பனிடுபவர். நான் அப்போதுதான் பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியிருந்த ஒளிப்படக்காரி. ஒரு வசந்தகாலத்தில் வணிகர் ஒருவர் லோசான் நகரக் காட்சியொன்றை விற்கக் கொண்டுவந்தார். பேனா மையில் கோடுகள், நீர் கலந்த மையில் நிழல்கள். குன்றின்மேல் பேராலயம், சரிந்திறங்கும் கூரைகள், பின்னால் புகைபோல் ஏரி. மூலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஓவியர் ஒருவரின் கையொப்பம். அருங்காட்சியக இயக்குநர் அதைவிட்டு நகரவில்லை.

"வடிவான படம். ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு," என்றார் தேவகி.

யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் வணிகர் வானிலையைப் பற்றிப் பேசினார். மறுநாள் தேவகி என்னைப் பூதக்கண்ணாடிமுன் இருத்தினார். காகிதம் பழசாகும்போது விழும் பழுப்புப் புள்ளிகளின்மேல் மட்டும் மை இலேசாகப் பரவியிருந்தது.

"காகிதம் பழசுதான். ஆனா புள்ளி விழுந்த இடம்தான் மையை உறிஞ்சிப் பரவ விடும். அப்ப புள்ளி விழுந்த பிறகுதான் மை பட்டிருக்கு, படம் புதுசு. விளங்குதோ?"

இயக்குநர் விளங்கிக்கொள்ள விரும்பவில்லை. படம் அசல்தான் என்று ஒப்பமிடத் தேவகி மறுத்தார், ஆனாலும் படம் வாங்கப்பட்டது. பிறகு சந்தேகம் அவர்மேலேயே திரும்பியது. வேறொரு வணிகருக்காக இதைக் கெடுக்கப் பார்த்தார் என்று உணவறையில் பேச்சு. அவர் நுழைந்தால் எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள்.

"கதைக்கட்டும். முதல்ல ஆர் சொன்னதெண்டு மட்டும் கேட்டுப் பாரும்," என்றார் என்னிடம். அன்று அவர் சாப்பிடவில்லை.

பின்னொரு குளிர்காலத்தில் அதே கை வரைந்த இன்னொரு படம் ஜெனீவாவில் பிடிபட்டது. பழைய புத்தகங்களின் வெற்றுத்தாள்களை வெட்டி, தானே வரைந்ததாக எங்களுக்கு விற்ற அந்த வணிகரே ஒப்புக்கொண்டார். எங்கள் படம் சத்தமில்லாமல் சுவரிலிருந்து இறங்கியது. தேவகியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் செய்தியைச் சொன்னபோதும், "அவன் ஒப்புக்கொண்டதை நீர் எங்கை கேட்டனீர்?" என்றுதான் கேட்டார்.

அவமானம் தாங்காத இயக்குநர் படத்தை அழித்துவிடச் சொன்னார். தேவகிதான் மறித்தார்.

"ஆள் கள்ளன். ஆனா நல்லாப் படம் கீறியிருக்கிறான். அட்டையிலை இருக்கிற பேரை எடுங்கோ, படத்தை விடுங்கோ."

'வரைந்தவர் தெரியாது' என்ற அட்டையோடு அது இன்றும் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. வணிகரின் சொல்லை வைத்து அவர் பெயரை எழுதக்கூட தேவகி சம்மதிக்கவில்லை.

போலி என்று சந்தேகம் தீர்ந்த பிறகும் ஒரு படத்தின் முன் ரசித்து நிற்கத் தெரிந்தவர் அவர். அவரிடமிருந்து அந்தக் குணத்தை நான் வைத்துக்கொள்கிறேன். இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் பெட்டகத்தைத் திறந்து நெடுநேரம் பார்த்தேன். ஏரி அழகாகத்தான் இருந்தது.