மாமியின் ஒயினில் வந்த ஊதா

நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் நான் கெமிஸ்ட். குழாயில் துளி நிறம் வந்தாலும் 'உண்டு' என்று சொல்லித்தான் பழக்கம். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தால் பக்கத்து வீட்டு மாமியை அழவைத்தேன்.

பாறசாலையில் எங்கள் சந்துக்குக் கிறிஸ்துமஸ் என்றால் மாமி போடும் திராட்சை ஒயின்தான். போன வருடம் அதைக் குடித்த எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணனுக்கு மூன்றாம் நாள் கண் மங்கியது. டிவியில் விஷச் சாராயச் செய்தி ஒன்றுவிடாமல் பார்ப்பவர். "ஒயின்ல மெத்தனாலாக்கும்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டார். சந்து முழுக்க அதே பேச்சு.

மாமி ஒரு பாட்டிலோடு என்னிடம் வந்தார்.

"நோக்கிச் சொல்லு மக்கா. எனக்க கையால ஒருத்தனுக்க கண்ணு போச்சுண்ணா, நான் எந்த முகத்தோட சர்ச்சுக்குப் போவேன்?"

அண்ணன்மேல் எனக்கு அப்படியொரு கோபம்.

ஒயினின் சொந்த நிறமே ஆளை ஏமாற்றும். அதனால் முதலில் காய்ச்சி வடித்துத் தெளிவாக்கினேன். பெர்மாங்கனேட் சேர்த்தால் மெத்தனால் ஃபார்மால்டிஹைடாக மாறும். மிஞ்சிய பெர்மாங்கனேட்டின் நிறத்தைப் போக்கிவிட்டு, குரோமோட்ரோபிக் அமிலமும் கந்தக அமிலமும் விட்டுச் சூடாக்கினால் ஊதா வரும். அது எவ்வளவு அடர்த்தி என்பதை, அளவு தெரிந்த குழாய்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

மெல்லிய ஊதா தெரிந்த நேரம் பார்த்து மாமியின் போன்.

"உண்டா, இல்லியா?"

"உண்டு மாமி, ஆனா..."

போன் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை.

நிறத்தை அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தால், எங்களிடமிருந்த ஆகக் குறைந்த அளவுக் குழாயின் நிறம்கூட அதில் இல்லை. திராட்சைத் தோலிலிருந்து இயல்பாகவே வரும் சொற்பம், யார் கண்ணையும் கெடுக்காது. பஸ் பிடித்து ஓடினேன். மாமி வீட்டுத் தென்னை மூட்டில், மண்ணெல்லாம் ஒயின் வாசம். ஒயின் போடும் பீங்கான் பரணிகள் மூன்றும் கவிழ்ந்து கிடந்தன. மாமி படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார்.

அண்ணனுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறித்தான் கண் மங்கியது என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். அவரே வந்து மாமியிடம் மன்னிப்புக் கேட்டார். சந்தும் மறந்துவிட்டது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மாமி கேக் மட்டும் கொண்டுவந்தார்.

"ஒயின் எங்க மாமி?"

"அவன் சொன்னப்போ நான் நம்பல்ல மக்கா. நீ சொன்னப்போ நம்பிட்டேன். இனி அதுக்கு எனக்குக் கை வராது."