புரட்சிக்கு மிஞ்சிய நிறம்

நடந்தவை இந்த ஒழுங்கில் நடந்தன:

1. பள்ளிக்கூட விழாவுக்குப் பிரெஞ்சுப் புரட்சியை நாடகமாகப் போடுவதென்று ஆசிரியை முடிவெடுத்தார். கூட்டத்தின் முன்னால் கொடி பிடித்து வரும் பெண் நான்.
2. உடுப்பை வீட்டில் தைத்து வரச் சொல்லி ஒரு படம் தந்தார். கூரான தொப்பி, கோடு போட்ட காற்சட்டை. கறுப்பு வெள்ளைப் படம்.
3. மாமா தான் தைப்பதாகச் சொன்னார்.
4. அம்மா எல்லாவற்றையும் பிரிக்க வைத்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, லண்டன் விசாவுக்காக எங்கள் வெள்ளவத்தை வீட்டில் காத்திருந்தார். வடக்கிலிருந்து வந்தவரென்று பொலிஸில் முறையாகப் பதிந்திருந்தும், இரண்டு தரம் பிடித்துக்கொண்டு போய் விசாரித்துத்தான் விட்டார்கள். மூன்றாம் தரம் விடுவார்களா என்ற பயத்தில் அம்மா அவரைக் கடற்கரைக்குக்கூட அனுப்புவதில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்தவர் பொழுதுபோகாமல் தையல் மெஷினைப் பழகியிருந்தார்.

பழைய மஞ்சள் திரைச்சீலையை வெட்டினார். கறுப்பு ரிப்பனைக் கோடு கோடாக வைத்துத் தைத்தார். கஞ்சி போட்டு, பல்கனியில் காயப்போட்டார். வேலையால் வந்த அம்மா கீழே ஒழுங்கையில் நடந்து வரும்போதே அதைக் கண்டுவிட்டார்.

"உனக்கென்ன விசரோ? புலித்தோலைக் காயப்போட்டு வைச்சிருக்கிறாய்!"

"அக்கா, அது பிரான்ஸ் காற்சட்டை."

"வாற ஆமிக்காரனுக்குச் சொல்லு, பிரான்ஸ் எண்டு. எந்தப் பாஷையில சொல்லுவாய்?"

காற்சட்டை போயிற்று. தொப்பியைச் சிவப்பில் தைத்திருந்தார்; தெற்கில் கிளர்ச்சி செய்த சிங்களப் பெடியன்களின் நிறமென்று அதுவும் போயிற்று. மாமா பச்சைத் துணியை எடுத்தார். அது ஒரு கட்சி, நீலம் மற்றக் கட்சி என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே.

"அப்ப புரட்சி செய்யிறவன் எதைத்தான் உடுக்கிறது, அத்தான்?"

"வெள்ளை."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன. படத்தில் இருப்பதைத் தைக்க இவ்வளவு வழக்கா? மற்றப் பிள்ளைகளின் வீடுகளிலும் இதே கதைதான் என்பது ஒத்திகையன்று தெரிந்தது. ராசாவுக்கும் ராணிக்கும் மட்டும் எந்தத் தடையும் இல்லை. அவர்களுக்குத் தாய்மாரின் கூறைச்சேலைகளே வந்திறங்கின.

கொழும்பின் மற்றப் பக்கத்தில், கொட்டாஞ்சேனை மண்டபத்தில் ராசா பட்டில் மின்ன, புரட்சிக்காரர்கள் நாங்கள் வெள்ளையில் வரிசையாக ஏறினோம்.

"ஆஸ்பத்திரி மிஸ்ஸிமார் ராசாவுக்கு ஊசி போட வருகினமடா!" என்று யாரோ பின்னாலிருந்து கத்த, மண்டபமே சிரித்தது. ராசாவும் சிரித்தார்.

முன்வரிசையில் இருப்பேன் என்று சொன்ன மாமா வரவில்லை. அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரை கடைசிவரை வெறுமையாகவே கிடந்தது. வீட்டுக்குப் போனதும் நேராக அவரிடம் போனேன்.

"உங்கட காற்சட்டையைப் பிரிக்க வைச்ச கோவத்திலதானே நீங்கள் வரேல்லை?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார் மாமா. "சரியான கோவம்."

கலைஞர்கள் என்றால் இப்படித்தான் போலும் என்று நினைத்து, ஒரு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்தேன். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவே ஆமி பஸ்ஸை மறித்துத் தமிழ்ப் பெடியன்களை மட்டும் இறக்கிக்கொண்டு போகும் இடங்கள் இருந்தன. என்னை யாரும் இறக்கியதில்லை, அதனால் அந்த இடங்கள் எனக்கு வெறும் பஸ் தாமதமாக மட்டுமே தெரிந்தன.

மாமா இப்போது லண்டனில் இருக்கிறார். அந்த நாடகத்தை அவர் பார்க்கவில்லை.