நாய்முடிக் கத்தியைத் தேடிப் பூந்தமல்லிக்கும் நூம்பலுக்கும்

அந்தக் கத்தி எதற்கானது என்று சனிக்கிழமை முழுவதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விலை ஏறிவிடும் என்பது ஒரு காரணம். கேட்டால் சிரிப்பார்கள் என்பது இன்னொன்று.

நாய்களுக்கு முடி திருத்தும் பழைய மடக்குக் கத்திகளைச் சேர்க்கிறேன். இதுவரை நான்கு. என்னிடம் நாய் இல்லை. விறைப்பான முடியுள்ள டெரியர் வகை நாய்களுக்காக வெளிநாட்டில் செய்தவை இவை. அலகின் ஓரத்தில் சீப்பைப் போலச் சிறு பற்கள் இருக்கும். செத்த முடியைக் கவ்வி இழுக்க வேண்டும், வெட்டக் கூடாது. அதனால் வேண்டுமென்றே மழுங்கலாகச் செய்திருப்பார்கள். பற்கள் போய்விட்டால் அது வெறும் பேனாக்கத்தி.

பூந்தமல்லியில் பழைய பொருள் கடை வைத்திருக்கும் செல்வம் அண்ணன் வெள்ளிக்கிழமை ஒரு படம் அனுப்பினார். கொம்புக் கைப்பிடி. பற்கள் இருபத்திரண்டு, படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். நான்கு வருடமாகத் தேடிய வகை.

மறுநாள் காலை அம்பத்தூரில் 9.10 மின்ரயில். ஆவடிக்கு ஐந்து ரூபாய். அண்ணனூரில் சிக்னலுக்காக நின்றபோது அவரே அழைத்தார்.

“இன்னாத்துக்கும்மா இந்தக் கத்தி?”

“பழம் நறுக்கத்தான் அண்ணே.”

“இத்த வச்சா? செரி, வா வா.”

ஆவடியிலிருந்து பூந்தமல்லி பத்து கிலோமீட்டர், நாற்பது நிமிடம். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. (உட்கார்ந்து போக வேண்டுமென்றால் முதலில் வருவதை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள்.) 10.35க்குக் கடையில் இருந்தேன். கத்தி இல்லை.

“சாணைக்குக் குடுத்துட்டேம்மா. பல்லு பல்லா தேஞ்சு போய் கீது, அத்த வச்சிகினு ஒரு கொய்யாக்கா வெட்ட முடியுமா? அதுக்குத் துட்டெல்லாம் வாணாம்” என்றார் பெருமையாக.

சாணைக்காரர் சனிக்கிழமைகளில் நூம்பலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் நிற்பாராம். செல்வம் அண்ணன் போன் போட்டுப் பார்த்தார், அவர் எடுக்கவில்லை. சக்கரம் சுற்றும்போது அவருக்கு ஒன்றும் கேட்காதாம். “தோ, மத்தியானம் வந்துருவான். ஒரு டீ சாப்டு” என்று செல்வம் அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் நான் சாலைக்கு வந்திருந்தேன்.

வேலப்பன்சாவடி வழியாக ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 180 ரூபாய். பேரம் பேசவில்லை. என் கத்தி அங்கே போய்விட்டது, அவசரம் என்று மட்டும் சொன்னேன்.

“கத்தியத் தொரத்திகினு போற மொத ஆளு நீதாம்மா. சொத்துத் தகராறா, லவ்வு மேட்டரா?” என்றார் ஓட்டுநர்.

“பழம் நறுக்க.”

“அதுக்கா இந்த ஓட்டம்? பழம் இன்னா எந்திரிச்சி ஓடிப் போயிடுமா?”

கேலி செய்தாரே தவிர, இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து 11.05க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பைக்கில் பொருத்திய சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. அருவாமனைகளோடு ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். சாணைக்காரரின் கையில் கொம்புக் கைப்பிடி. “நிறுத்துங்க” என்று கத்தினேன். கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“ஐய, கை போயிடும் பொண்ணே! இன்னா, உசுரு வெறுத்துப் போச்சா?”

“அது என் கத்தி. அப்படியே குடுங்க.”

“மொக்கையாவா?”

“மொக்கையாவே.”

“குடுத்துடுப்பா, எங்களுக்கு ஒரு ஆளு கொறையுது” என்றார் வரிசையில் நின்ற ஓர் அம்மா.

எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டும் இருந்தன.

பூந்தமல்லிக்குத் திரும்பி அறுநூறு ரூபாய் கொடுத்தேன். “இன்னாம்மா, என் வேல புடிக்கலியா?” என்று கேட்டார் செல்வம் அண்ணன். “எங்க தெருவிலேயே சாணை பிடிக்க ஆள் இருக்கார் அண்ணே, உங்களுக்கு எதுக்கு சிரமம்?” என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பையின் ஜிப்பை மூடினேன்.

விற்பவருக்குத் தெரியாததை அப்படியே விட்டுவைத்து, அதில் லாபம் பார்ப்பதைச் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன். அவருக்குத் தெரியாததும் நல்ல மனதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்ததில்லை.

தேடிப் போகிறவர்களுக்கு: பற்களுக்கிடையே ஒரே இடைவெளி இருந்தால் அது தேய்மானமில்லை. துருவை எண்ணெய்த் துணியால் மட்டும் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். நான் பார்த்தவரை இந்தக் கடைகள் பத்து மணிக்கு முன் திறப்பதில்லை. விலையைப் பேசி முடித்ததும் அது என்ன பொருள் என்று சொல்லிவிடுங்கள்.

ஐந்து வாரம் கழித்து செல்வம் அண்ணன் அழைத்தார். அதே மாதிரி இன்னொன்று, இதில் இரண்டு அலகாம். “போன வாட்டி அலைஞ்சல்ல, அதான் நானே பல்லயெல்லாம் வழிச்சி சாணை புடிச்சி வச்சிகீறேன்.” போய்ப் பார்த்தேன். இரண்டும் வழவழவென்று இருந்தன. வாங்கிக்கொண்டு, அது எதற்கானது என்று அவரிடம் சொன்னேன்.