அத்தை மாற்றாத லேம்ப்

சூரியன் ரிப்பேரானால் கடவுள் என் அத்தைக்குத்தான் போன் போடுவார். அத்தையும் போவாள். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஆயுசு முடிஞ்சுபோச்சு சாமி, புதுசு போடுங்க" என்பாள்.

பள்ளிக்கூடம், மண்டபம், ஆபீஸ் என்று எல்லா இடத்துப் புரொஜெக்டரும் அவள் கைபட்டதுதான். லேம்ப் எத்தனை மணிநேரம் எரிந்தது என்று மெஷினே கணக்கு வைக்கும். கணக்கு தாண்டிய லேம்புக்கு அத்தையிடம் தயவுதாட்சண்யம் கிடையாது.

வீட்டில் மட்டும் வேறு சட்டம். ஞாயிறு மதியம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மாமா இருக்கும் ஒரே வீடியோவைச் சுவரில் ஓட்டுவாள். மாமா போய் நாலு வருடம். வீட்டுப் புரொஜெக்டரில் இருப்பது கடைசியாக அவர் மாட்டிய லேம்ப். பல்பைத் தாங்கும் கூண்டில் அவர் கையெழுத்தில் தேதி இருக்கிறது. அதன் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது. மாமா வாராவாரம் பழுப்பேறிக்கொண்டே போனார். போன மாதம் வாய் அசைந்தது, கண்ணைக் காணவில்லை. குரல் மட்டும் தெளிவாக, "வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றது.

"வெடிச்சா மெஷினும் போயிடும் அத்தை."

"நீ வாய வெச்சாலே வெடிச்சிடும். போடா அந்தப் பக்கம்."

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் கூண்டைக் கழற்றினேன். பழைய பல்பின் கண்ணாடி உப்பிக் கறுத்திருந்தது. இன்னொரு வாரம் தாங்கியிருக்காது. கம்பெனி பல்பு எங்கும் கிடைக்கவில்லை. அதே அளவில் வேறு யாரோ செய்த பல்பை அதே கூண்டில் மாட்டினேன். மாமாவின் எழுத்து அப்படியே இருந்தது. மணிக்கணக்கையும் பூஜ்யமாக்காமல் விட்டேன். திருடனுக்குத் தெரியாத வேலையா?

ஞாயிறு மாமா பளீரென்று வந்தார். கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்தது, ஆனால் கண் இருந்தது. அது எங்களையே பார்த்தது.

"லென்ஸத் துடைச்சேன்" என்றேன்.

"லென்ஸத் துடைச்சா மனுஷன் நீலமாவாரா?"

எழுந்து சுவரருகே போனாள். புது வெளிச்சத்தில், மாமாவின் தோளிருந்த இடத்தில் அழுக்கு தெரிந்தது. ஐந்து விரல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை பதிந்தது. அத்தை தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அளவு சேரவில்லை. திரும்பி என் கையைப் பார்த்தாள். நான் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

"நான் போடாத நாள்லயும், வேலை முடிச்சு வந்து தொட்டா மெஷின் சூடா இருக்கும்டா" என்றாள். "மாமாதான் வந்து போட்டுப் பாக்குறாருன்னு நெனச்சேன். லேம்ப மாத்துனா வரமாட்டாரோன்னுதான் விட்டுவெச்சேன்."