பச்சை விளக்கை நம்பாத மகாதேவி

"எத்தனை கிலோ இருப்பீங்க?"

சக்கர வண்டி கேட்டு வருகிறவரிடம் மகாதேவி கேட்கும் முதல் கேள்வி அதுதான். பெயரெல்லாம் அப்புறம். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் கொஞ்சம் தயங்கி, "அறுபத்தஞ்சு" என்றார். மகாதேவி அவரை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். "மேடம், நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்? பேட்டரிக்கு உள்ளது தெரியணும். பொய் சொன்னீங்கன்னா நடு ஏத்தத்துல படுத்துக்கிரும்." அந்த அம்மாள் கணவர் காதில் விழாதபடி குனிந்து, "எம்பத்திரண்டு" என்றார். உடனே மூன்றாம் நம்பர் ஸ்கூட்டரின் சாவி கைக்கு வந்தது. வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது, மகாதேவியிடம் அதெல்லாம் செல்லாது.

செண்பகனூருக்கு மேலே மலைச்சரிவை மூன்று தட்டாக வெட்டிய விளையாட்டுப் பூங்கா அது. மேல்தட்டில் வாசலும் ராட்டினங்களும், நடுத்தட்டில் பூந்தோட்டம், கீழ்த்தட்டில் குளமும் அதைச் சுற்றிவரும் பொம்மை ரயிலும். நடக்க முடியாதவர்களுக்கென்று பேட்டரியில் ஓடும் நாற்காலி மூன்று, ஸ்கூட்டர் மூன்று. அவற்றுக்குச் சார்ஜ் போடுவதும், சொந்த வண்டியோடு வருகிறவர்களின் வண்டிக்குச் சார்ஜ் போட்டுக் கொடுப்பதும் மகாதேவியின் சோலி. வாசலை ஒட்டிய தகரக் கொட்டகையில் காலை ஏழு மணிக்கு இருப்பார். குல்லாய், ஆண்பிள்ளை ஸ்வெட்டர், அதற்கு மேல் சேலை முந்தானையை இழுத்துச் செருகிய ஒரு முடிச்சு. வந்ததும் புறங்கையால் ஒவ்வொரு சார்ஜரையும் தொட்டுப் பார்ப்பார். கதகதப்பாக இருந்தால் சரி. சுட்டாலும் ஆகாது, சில்லிட்டாலும் ஆகாது.

வண்டியில் எரிகிற பச்சை விளக்கை அவர் காசுக்கு மதிப்பதில்லை. "சமதரையில நெறஞ்சு இருக்கேன்னு பல்லக் காட்டும். ஏத்தத்துல ஏறிப் பாருங்க, அப்பத் தெரியும் அதோட லட்சணம்" என்பார். குளிர் பேட்டரியின் பாதி உயிரைக் குடித்துவிடும் என்பது அவர் கணக்கு. அதனால் எல்லாவற்றுக்கும் சாக்குப் போர்வை. பேட்டரிக்குச் சாக்கு, சார்ஜருக்குச் சாக்கு, மழை நாளில் பிளக் பலகைக்கும் சாக்கு. சாக்கெல்லாம் அவருடைய சொந்த ஊரான கிளாவரையிலிருந்து வந்த பூண்டுச் சாக்குகள். வண்டியில் உட்கார்ந்த சென்னைக்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இங்க என்ன சமையலா?" என்று கேட்பார்கள். "ஆமா சார், பேட்டரி ரசம்" என்று பதில் வரும்.

கிளாவரையில் அவர் கணவர் ராமர் பூண்டுக் காட்டோடு கிடக்கிறார். மகள் படிப்புக்காக மகாதேவி செண்பகனூரில் அறை எடுத்து ஐந்து வருஷம் ஆகிறது. ஊரை விட்டு வந்தாலும் ஊர்ப் பழக்கம் ஒன்று அவரை விடவில்லை. இடிச் சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். ஒரு சித்திரை மாசம் ஒரே மின்னலில் ஊர் வீட்டு டிவி, மிக்ஸி, போன் மூன்றும் கருகிப்போயின. கிளாவரையில் மேகம் உறுமினால் தெருவே இருட்டாகும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமில்லை, கை தானாகப் போகும்.

பூங்காவில் வேலை செய்யும் பிளக் எத்தனை என்று பூங்கா முதலாளிக்கே தெரியாது. மகாதேவிக்குத் தெரியும், பதினேழு. எது பொறி தெறிக்கும், எது மழையில் வேலை செய்யாது, எது ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, எல்லாம் அத்துப்படி. நடு வழியில் வண்டி நின்றால் ஒயரும் சார்ஜரும் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரே போவார். யாரும் பிளக் தரமாட்டேன் என்றதில்லை, குளத்தங்கரைப் பாப்கார்ன் திருமலைச்சாமியைத் தவிர. "ஒம் பேட்டரிக்கு நான் கடைய மூடணுமாக்கும்?" என்பார் அவர். அவர் கடைப் பக்கம் போனால் மகாதேவி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர், தலைமையாசிரியர் நல்லுசாமி, வகுப்பாசிரியை புவனா. புவனாவுக்குச் சிறுவயதிலிருந்தே கால்கள் நடக்காது. ஆறு மாசத்துக்கு முன்பு வாங்கிய சொந்தப் பேட்டரி நாற்காலியில் வந்திருந்தார். காலை முழுக்க மேல்தட்டில் பிள்ளைகளோடு ஒரு ராட்டினம் விடாமல் சுற்றினார். சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சுக்கு மாறிக்கொண்டு, நாற்காலியை மகாதேவியிடம் கொடுத்தார்.

"ஒன்றரை மணி நேரம் போதுமாக்கா? கீழ ரயிலுக்குப் போகணும்."

"தாராளமாப் போதுங்க டீச்சர். நீங்க நிம்மதியாச் சாப்பிடுங்க."

பிளக்கைச் சொருகி, சார்ஜருக்குச் சாக்கும் போர்த்தியாயிற்று. பத்து நிமிஷத்தில் பெருமாள்மலைப் பக்கம் ஒரு இடி இடித்தது. மகாதேவியின் கை தானாகப் போயிற்று, கொட்டகையின் மெயின் இறங்கிற்று. மழை வரவில்லை. அதற்குள் பூந்தோட்டத்தில் ஒரு ஸ்கூட்டர் பள்ளத்தில் மாட்டிக்கொண்டதாக ஆள் வந்து கூப்பிட, அங்கே ஓடினார். திரும்பி வந்தபோது மதியம் ஒன்றரை மணி. பகல் வெளிச்சத்தில் கொட்டகையில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று யார் பார்த்தார்கள்? சார்ஜரின் குட்டி விளக்கோ சாக்குக்கு அடியில். டீச்சர் வந்து உட்கார்ந்து சுவிட்சைத் தட்டியதும், பேட்டரி அளவைக் காட்டும் பத்துக் கோட்டில் இரண்டே கோடு எரிந்தது. மகாதேவி சாக்கைத் தூக்கிப் புறங்கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது.

"டீச்சர், என் தப்பு. இடி இடிச்சதும் மெயின எறக்குனேன். ஏத்த மறந்துட்டேன்" என்று மறைக்காமல் சொல்லிவிட்டார். பூங்காவின் ஆறு வண்டிகளும் வெளியே போயிருந்தன. பஸ் நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும், மறுபடி சார்ஜ் போட்டுக் காத்திருக்க நேரமில்லை.

"அதனால என்னம்மா, நாலு பேரு சேந்து தள்ளிக்கிட்டுப் போயிருவோம்" என்றார் நல்லுசாமி, நல்ல மனசோடுதான். "இல்லாட்டி டீச்சர் இங்கயே பைகளப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

புவனாவின் முகம் சுண்டிப்போயிற்று. "ஆறு வருசமா ஒவ்வொரு டூர்லயும் பைதான் சார் பாத்துக்கிட்டு இருந்தேன். தள்ளிக்கிட்டுப் போனா, எங்க நிக்கணும், எங்க திரும்பணும்னு தள்ளுறவங்கதான் முடிவு பண்ணுவாங்க. இன்னைக்கு ஒரு நாளு பிள்ளைங்களை நான் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

மகாதேவி சார்ஜர்ப் பையைத் தோளில் மாட்டினார். கொட்டகையைப் பூட்டினார். "வாங்க டீச்சர், எறங்குவோம். எறக்கத்துல அவ்வளவாச் செலவாகாது. ஏறுறதுக்கு நான் ஆச்சு."

நடுத்தட்டில் தோட்டக் காவலாளி அறையில் முதல் நிறுத்தம். பிள்ளைகள் டேலியாப் பூக்களை எண்ணி முடிப்பதற்குள் ஒரு கோடு ஏறியது. கீழ்த்தட்டில் குளத்தங்கரைப் பிளக் முந்தின நாள் மழையில் செத்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், திருமலைச்சாமி கடை. மகாதேவி போய் நின்றார். அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே, "அண்ணே, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தார்.

அவர் அங்கே கடை போட்ட மூன்று வருஷத்தில் அந்த வாயிலிருந்து அண்ணே என்று வந்தது இதுதான் முதல் தடவை. திருமலைச்சாமி நாற்காலியைப் பார்த்தார், வரிசையில் நின்ற முப்பத்திரண்டு பிள்ளைகளைப் பார்த்தார். பாப்கார்ன் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினார். "சொருகு, சொருகு. வெரசா. பொரிஞ்ச வரைக்கும் போதும்."

புவனா கைகளை ஊன்றி நாற்காலியிலிருந்து ரயில் பெட்டிக்கு மாறிக்கொண்டார். விசில் ஊதச் சொல்லிப் பிள்ளைகள் கத்தினார்கள். நாற்காலி கடை வாசலில் சார்ஜ் ஏற, டீச்சர் குளத்தைச் சுற்றினார். விஷயம் தெரிந்த ரயில்காரர் மூன்று சுற்றோடு நிறுத்தாமல் ஆறு சுற்று ஓட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் குளத்து வாத்துகள் கரையேறிவிட்டன. மகாதேவி மட்டும் ரயிலைப் பார்க்காமல் சார்ஜரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றே கால் மணிக்கு நாலு கோடு. அவர் கணக்கில் ஐந்து வேண்டும். ஆனால் நேரமில்லை.

ஏற்றத்தில் புவனா முன்னால் போனார். "வரிசையா வரணும், ஓரமா வரணும்" என்று திரும்பித் திரும்பி அதட்டினார். பிள்ளைகள் வால் பிடித்தாற்போல் பின்னால் வந்தார்கள். பூந்தோட்டம் வரை தொந்தரவில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கோடாக அணைந்தது. வாசலுக்கு முந்தின கடைசி வளைவில், ஏற்றம் கூரைபோல் நிமிர்கிற இடத்தில், சிவப்பு விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. நாற்காலி முனகிக்கொண்டு நத்தை வேகத்துக்கு வந்தது.

நல்லுசாமி வேகமாக முன்னால் வந்தார். மகாதேவி குறுக்கே நின்று, "கிட்ட வராதீங்க சார்" என்றார். சொன்ன வாய் மூடுமுன் அவருடைய கையே நாற்காலியின் முதுகுப்பிடியை நோக்கி நீண்டுவிட்டது. விரல் நுனி கிட்டத்தட்ட அதைத் தொட்டும்விட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த புவனா திரும்பவில்லை. லீவரை முன்னுக்குத் தள்ளியபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகாதேவி கையை இழுத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றால் மற்றதை இறுகப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். நாற்காலி ஒரு முழம் ஏறியது. நின்றுவிடும்போல் இருந்தது. இன்னொரு முழம் ஏறியது. வாசல் சமதரையில் சக்கரம் உருண்டு, பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு டீச்சரைச் சூழ்ந்த பிறகும், மகாதேவி கைகளை விடவில்லை.